துடைத்த கத்தரி

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. “மேஸ்திரி போய்ட்டாருண்ணே” என்றான் நம் முருகன். மாரடைப்பாம். அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத மனிதருக்கு இதிலும் என்ன அவசரம்?

ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் மரம் பராமரித்த நம் குழுவுக்குப் பென்னலூர் தாமஸ்தான் மேஸ்திரி. அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார். குழியில் விழுந்து எழுந்ததும் முதல் பேச்சே, “நுனி காஞ்சிகினு வருது, பாத்தியா?” என்பதுதான். குழுவில் இருந்த நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஒரு கோடையில் பெரிய தொழிற்சாலை ஒன்றின் வாசல் வேம்புகளுக்கு நுனிக்கருகல் நோய் வந்தது. கிளை நுனியில் தொடங்கி உள்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும் நோய். காய்ந்த கிளைகளை வெட்டி எரித்தோம். பிறகு அடுத்த தொழிற்சாலையிலும் கருகியது, அதற்கடுத்ததிலும். தாமஸுக்குச் சோறு இறங்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு சாலை முழுக்கச் சுற்றிவிட்டு வந்து சொன்னார்: “நாம வெட்ன எடத்துல மட்டும்தான் கீது. நம்ம கத்தரிதான் கொண்டுபோயிருக்கு.” நோயுற்ற கிளையை வெட்டிய கத்தரியைத் துடைக்காமல் நல்ல மரத்திலும் வைத்திருந்தோம்.

அவர் நேராக மேனேஜரிடம் கிளம்பினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “சும்மா இருங்க மேஸ்திரி, வேலை போயிரும்லா!”

“நாம சொல்லலன்னா நாளைக்கு இன்னொருத்தன் வந்து இப்டியேதான் வெட்டுவான். மரத்துக்கு வாய் கீதா இன்னா?”

சொன்னார். ஒப்பந்தம் போயிற்று. வேலையில்லாமல் அறையில் கிடந்த நாட்களில் அவரைத் திட்டாதவர் நம்மில் யாருமில்லை. அவரோ தொழிற்சாலைச் சுவர்களுக்கு மேல் அந்த வேம்புகளை எட்டிப் பார்த்து, செக்யூரிட்டிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். சில வேம்புகள் பட்டுப்போயின. சில தழைத்தன. தழைத்ததைப் பார்த்து அவர் சிரித்ததாக நினைவில்லை. உடனே பக்கத்து மரத்தைப் பார்க்கப் போய்விட்டார். வேறு இடத்தில் வேலை கிடைத்தபோது அவர் இடுப்பில் ஸ்பிரிட் பாட்டில் ஏறியிருந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் கத்தரியைத் துடைக்க வைத்து நம் உயிரை வாங்கினார்.

அடக்கத்தன்று பந்தல் போடுகையில் அவர் வீட்டு வேம்பின் கிளை ஒன்று இடித்தது. அவருடைய கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். அழுதுகொண்டிருந்த அவர் மனைவி ஸ்டெல்லா அண்ணி சட்டென்று தலைநிமிர்ந்தார். “தொடச்சிட்டு வெட்டு தம்பி. அவரு கத்துவாரு.”

துடைத்தேன். கத்துவதற்கு ஆளில்லை.

அந்தக் கத்தரியை அண்ணி என்னிடமே கொடுத்துவிட்டார். அதோடு மேஸ்திரியின் நிம்மதியின்மையும் என்னிடம் வந்துவிட்டது. முன்பெல்லாம் பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவேன். இப்போது வாலாஜாபாத் வரை, ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு மரமாக, நுனியைப் பார்த்துக்கொண்டே போகிறேன்.