மைனஸ் பன்னிரண்டு

என் மனைவி பதினான்கு வருடம் வேலை பார்த்த கழக்கூட்டம் ஐ.டி. கம்பெனி, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளை வேலையை விட்டு எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஒன்பது நிமிட வீடியோ மீட்டிங்காம். அவள் வலியசாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது நான் குஷியில் இருந்தேன். அன்று பிளஸ் டூ ரிசல்ட். என் டியூஷனில் படித்தவர்களில் ஒருவர்கூடக் கணக்கில் தோற்கவில்லை. பழவங்காடிக் கடையில் ஒரு கிலோ லட்டு வாங்கி வைத்திருந்தேன்.

"நல்லதாப் போச்சு. இனி பைபாஸ் டிராஃபிக்ல கெடந்து சாவண்டாம்" என்று சொல்லி லட்டை நீட்டினேன்.

அவள் அதை வாங்கி டப்பாவில் திரும்ப வைத்தாள். மூடியையும் போட்டாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அதாவது அவள் பேசவில்லை. நான் நிறையப் பேசினேன். காலை நடையின் நன்மைகளைச் சொன்னேன். மொட்டை மாடியில் வெண்டைக்காய்ச் செடி வைக்கலாம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் கொஞ்சம் இறங்கியது. நான் உற்சாகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். சனிக்கிழமை மத்தியானம், மறுநாள் நாகர்கோவிலுக்கு அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.

"எப்ப வருவ?"

"தெரியல்ல."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் திரும்பி வரும் நாளைச் சொல்லாமல் எங்கும் போனதில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் உள்ளே பை அடுக்க, நான் சாப்பாட்டு மேஜையில் டியூஷன் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தேன்.

கேள்வி சின்னதுதான். எக்ஸ், மைனஸ் மூன்றிலிருந்து இரண்டு வரை எதுவாகவும் இருக்கலாம். ஒய், மைனஸ் இரண்டிலிருந்து நாலு வரை. இரண்டையும் பெருக்கினால் விடை எங்கிருந்து எங்கே வரை போகும்? பாதிப் பேர் இரண்டின் அடியில் இருக்கும் எண்களைப் பெருக்கி ஆறு என்றும், இரண்டின் உச்சியில் இருக்கும் எண்களைப் பெருக்கி எட்டு என்றும் கண்டுபிடித்து, ஆறு முதல் எட்டு வரை என்று எழுதியிருந்தார்கள். எக்ஸ் பூஜ்யமானால் பெருக்கிய விடையும் பூஜ்யம். அது ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் இல்லை. யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

தாள் தாளாகச் சிவப்பு மையில் விட்டுப்போனதை எழுதினேன். ஒன்றின் அடியை மற்றதன் உச்சியாலும் பெருக்கிப் பார்க்க வேண்டும். இரண்டை மைனஸ் இரண்டால் பெருக்கினால் மைனஸ் நாலு. மைனஸ் மூன்றை நாலால் பெருக்கினால் மைனஸ் பன்னிரண்டு. இதைவிடக் கீழே போக வழியில்லை.

ஏழெட்டுத் தாளில் இதையே எழுதிய பிறகு, அந்த நாலு நான்தான் என்று தோன்றியது. கணக்கு வாத்தியார்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும், மருந்து கிடையாது. அவள் மைனஸ் மூன்றில் கிடந்தாள். நான் லட்டும் வெண்டைக்காயுமாக மேலே ஏற ஏற, விடை கீழே போயிற்று. பேசாமல் நானும் அடியில், மைனஸ் இரண்டில் போய் உட்கார்ந்திருந்தால் பிளஸ் ஆறாவது தேறியிருக்கும். இந்தக் கணக்கை நடத்திப் பத்தொன்பது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். வெட்கமாக இருந்தது.

இறங்குவது சிரமமாக இல்லை. அவள் சொன்ன நிமிடமே என் குஷி போய்விட்டது. அப்புறம் நடந்ததெல்லாம் நடிப்பு.

உள்ளே போய்க் கட்டிலில் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்குப் பயமாட்டு இருக்கு" என்றேன். "செவ்வாக்கிழமையில இருந்தே பயந்தான். என்ன செய்யதுன்னு தெரியாமத்தான் அப்படிப் பேசினேன்."

அவள் புடவையை மடிப்பதை நிறுத்தினாள். "நான் ஒருத்திதான் பயந்துட்டு இருக்கேன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. ஆறுதலாகச் சொல்ல இரண்டு மூன்று விஷயங்கள் வாய்வரை வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு உங்களுக்கு கிளாஸ் உண்டா?" என்று கேட்டாள்.

"உண்டு."

"லீவு போடுங்க. வேலை போனத இன்னும் அம்மாட்ட சொல்லல்ல. எனக்குத் தனியாச் சொல்ல முடியாது. நீங்க ஒண்ணும் பேசண்டாம், பக்கத்துல இருந்தாப் போதும்."