பியானாஸ் மாற்றுப்பாதை

ஒர்சோலாவுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று பியானாஸ் ஊரில் சொல்வார்கள். அது சரியில்லை. மனிதர்களைப் பார்த்தால் அவளுக்கு இளக்காரமாக வரும், அவ்வளவுதான். அறுபதைத் தாண்டிய பிறகு அதை மறைக்கும் சிரமத்தையும் விட்டுவிட்டாள்.

எல்லைக்குக் கீழே, இரண்டு மலைகளுக்கு நடுவில் ஆறும் நெடுஞ்சாலையும் நெருக்கியடித்துக்கொண்டு போகிற இடம் பியானாஸ். ரயில் மலைக்குள் புதுச் சுரங்கத்துக்குப் போய்விட்டதும், பழைய தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுத் தார் போட்டு, சைக்கிளுக்கென்றே பாதையாக்கினார்கள். கார் கிடையாது, லாரி கிடையாது. எல்லைக்கு அப்பால் சால்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பியவர்கள் தெற்கே கடல்வரை போகலாம். கோடை பிறந்தால் சைக்கிள்கள் ஈசல் போல வந்துகொண்டே இருக்கும்.

பாதை ஒர்சோலாவின் புல்வெளியை ஒட்டிப் போயிற்று. பழைய ரயில்வே கேட் குடிசையில் அவள் அடுப்பு வைத்தாள். காப்பி, சூப்பு, உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்து மொறுமொறுவென்று வார்க்கும் ஃப்ரிக்கோ. அதைத் தின்றவர்கள் திரும்ப வந்தார்கள். அதற்காக அவர்களை அவள் மதித்தாள் என்று அர்த்தமில்லை.

"குடலுக்குள்ள மாவ அடைச்ச மாதிரி ஒரு உடுப்பு," என்பாள் புருஷனிடம். "தொந்தி ஒரு பக்கம், பின்பக்கம் ஒரு பக்கம். வண்டில மோட்டார் வேற. மோட்டார் ஓட்டுது, இவன் மூச்சு வாங்குறான். கேட்டா மலையேறினேங்கிறான்."

ஒருநாள் தாடி வைத்த ஒருவன் தன் பாட்டிலில் அவள் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே கேட்டான். "அம்மா, இங்கேருந்து கடல் வரைக்கும் இறக்கந்தானே?"

"ஆறு எந்தப் பக்கம் ஓடுது?"

அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம்," என்றான்.

"அப்ப அதையே கேளு. அதுக்குத் தெரியும்."

அவன் சிரித்துவிட்டு அவளுடைய கோழிகளைப் படம் பிடித்தான். கோழியைக் காணாத ஜென்மங்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் சைக்கிள்காரர்கள் மேல் அவளுக்கிருந்தது மேலோட்டமான இளக்காரம். ஆழமானது இரண்டு பேருக்கு உரியது. ஒருவன் புருஷனின் அண்ணன் எர்மெஸ். மற்றவன் புருஷனே.

எர்மெஸ் நெடுஞ்சாலை ஓரத்தில் சத்திரம் வைத்திருந்தான். பாதை போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது ஊர்க்கூட்டத்தில் எழுந்து மேசையைத் தட்டியவன் அவன்தான். "சைக்கிள்காரன் என்னத்தக் கொண்டுவருவான்? வேர்வ நாத்தத்தக் கொண்டுவருவான். சோத்தையும் பையில கட்டிட்டு வந்துருவான்!" சத்திர வாசலில் சைக்கிளுக்கு இடமில்லை என்று எழுதியே மாட்டினான். பாதை நிரம்பி வழிவதைப் பார்த்ததும் அந்த எழுத்து காணாமல் போயிற்று. அடுத்த வருஷமே ஊர்ப் பாதைக் குழுவுக்கு அவன் தலைவர். பளீரென்று மஞ்சள் மேலங்கி, கழுத்தில் விசில். சைக்கிள் ஓட்டத் தெரியாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொள்வான்.

"வெக்கத்த எங்க வித்தான்னு கேட்டுச் சொல்லு," என்பாள் ஒர்சோலா. "நல்ல விலை கெடைக்கிற எடமா இருக்கும்."

புருஷன் டுல்லியோ தலையைக் குனிந்துகொள்வான். தன் காலணியைப் பார்ப்பான். அப்பாவின் நிலத்தைப் பிரித்தபோது இப்போது சத்திரம் நிற்கிற ஆற்றங்கரைச் சமவெளி எர்மெஸுக்குப் போயிற்று. டுல்லியோவுக்குக் கல்லும் சரிவுமாக ரயில் பாதையோரத் துண்டும், அதன் பின்னால் பழைய கல்குவாரிக்குப் போகும் வழியும் வந்தன. அன்றும் அவன் காலணியைப் பார்த்தான். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான். கல்யாணமான புதிதில் அதைக் கேட்ட ஒர்சோலா, அன்றிலிருந்து அவனை ஈரத்துணி என்று கூப்பிடுவாள். கொடியில் போட்டால் தொங்கும், தரையில் போட்டால் கிடக்கும்.

ஒரு வசந்தத்தில் பனி உருகி, ஊருக்குக் கீழே மலைச்சரிவு பெயர்ந்தது. லாரி அளவு பாறைகள் பாதையை மூடின. அதை எடுக்க இலையுதிர்காலம் ஆகும் என்றார்கள். அதுவரை சைக்கிள்காரர்களுக்கு மாற்றுப்பாதை வேண்டும். அதை முடிவு செய்யும் வேலை குழுத் தலைவரிடம் வந்தது.

ஒர்சோலா கூட்டத்துக்குப் போனாள். "எங்க கல்குவாரி வழி இருக்கு. பழைய பாலத்தத் தாண்டினா பாறைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும். கேட்டத் தொறந்துவிட்டா போதும்," என்றாள்.

"அந்தக் கல்லு வழியா?" எர்மெஸ் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "டயர் கிழியும் ஒர்சோலா. வர்றவங்க டாக்டரு, வக்கீலு. உன் ஆடு போற வழில அவங்கள அனுப்பச் சொல்றியா?"

கூட்டமும் சிரித்தது. டுல்லியோ காலணியைப் பார்த்தான்.

மறுநாள் ஊருக்கு மேலே, தேவாலயத்தருகே பாதை பிரிகிற இடத்தில் மஞ்சள் பலகை முளைத்தது. அம்புக்குறி நெடுஞ்சாலையைக் காட்டியது. லாரிகள் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு எல்லைக்கு ஓடுகிற சாலை. கார், லாரிகளுக்குப் பயந்து பல நாட்டுக்காரர்கள் தேடி வந்த பள்ளத்தாக்கில், அவர்களை நேராக லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது அந்த அம்பு. நல்லவேளையாக, பயந்து நடுங்கியவர்கள் இறங்கி மூச்சுவிட வழியில் ஒரே ஒரு முற்றம் இருந்தது. எர்மெஸின் சத்திர முற்றம்.

அதற்கும் கீழே இருந்த ஒர்சோலாவின் குடிசைக்கு ஆள் வரவில்லை. அவள் அதற்குக் கவலைப்படவில்லை. "போகட்டும். குழாய்த் தண்ணியாவது மிச்சம்," என்றாள். ஆனால் நெடுஞ்சாலையில் லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம் கையிலிருந்த வேலை நின்றது.

ஜூலையில் ஒரு முற்பகல், டுல்லியோவும் அவளும் பால் பண்ணையிலிருந்து தங்கள் மூன்று சக்கர வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சத்திரத்துக்கு முன்னால் கூட்டம். ஒரு செக் நாட்டுப் பெண், நடுவயதுக்காரி, சாலையோரச் சாக்கடையின் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தாள். லாரியின் பக்கக் கண்ணாடி தோளில் இடித்து எறிந்திருக்கிறது. ஒரு கை விபரீதமாகத் தொங்கியது, முழங்கைச் சிராய்ப்பிலிருந்து ரத்தம் வாசலில் சொட்டியிருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவள் புருஷன் பக்கத்தில் மண்டியிட்டு அவள் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். சைக்கிள் மடிந்து கிடந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது.

ஒர்சோலா இறங்கிப் போய்த் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அந்தக் கையைத் தாங்கிக் கட்டினாள். "ஆட்டாத. அழுவுறதுன்னா அழு, ஆட்டாத," என்றாள். மொழி புரியாவிட்டாலும் அந்தப் பெண் தலையாட்டினாள்.

எர்மெஸ் மஞ்சள் மேலங்கியோடு வாசலில் நின்றிருந்தான். "ஓட்டத் தெரியாதவங்கல்லாம் எதுக்கு ரோட்டுக்கு வர்றாங்கன்னே தெரியல," என்றான் பொதுவாக. பிறகு பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டான். "இந்தாம்மா, வாசல்ல ரெண்டு வாளி தண்ணி ஊத்திவிடு. சாப்பாட்டு நேரம், ரத்தத்தப் பாத்தா உள்ள வருவாங்களா?"

ஒர்சோலா நிமிர்ந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை தயாராக இருந்தது. அதற்குள் பின்னால் வண்டி கிளம்பும் சத்தம். டுல்லியோ வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் வருவதைப் பார்த்துவிட்டு அவள் ஓடிப்போய் ஏறினாள். "எங்க போற?"

அவன் வண்டியை மேட்டுப் பக்கம் விட்டான். தேவாலயத்தருகே நிறுத்தி இறங்கி, மஞ்சள் பலகையின் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் எர்மெஸின் கார் வந்து நின்றது.

"டுல்லியோ! அது ஊர்ப் பலகை. கைய எடு."

டுல்லியோ வழக்கம்போலக் கீழேதான் பார்த்தான். கை மட்டும் நிற்கவில்லை.

"சொல்றது காதுல விழல? பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாளா?"

"நான் சொல்லி இவரு கேக்குற ஆளா இருந்தா," என்றாள் ஒர்சோலா, "உன் சத்திரம் இருக்கிற எடத்துல இந்நேரம் என் மாடு மேஞ்சிட்டிருக்கும்."

கம்பம் மண்ணோடு பெயர்ந்து வந்தது. டுல்லியோ அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிமிர்ந்தான். முகம் சிவந்திருந்தது.

"அப்பா நெலத்தப் பிரிச்சப்ப கல்லெல்லாம் எனக்குன்னு சொன்ன. நான் சரின்னேன். இப்ப அந்தக் கல்லு வழி என்னுது. அதுல யாரு போறதுன்னு நான் சொல்றேன்."

"பைத்தியமாடா உனக்கு? சட்டப்படி..."

"போலீஸக் கூப்பிடு. அடிபட்ட அந்தப் பொம்பளயையும் கூப்பிடு. சேந்து பேசலாம்."

 எர்மெஸ் கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டுப் பார்த்தான். அதை ஊதினால் என்ன நடக்கும் என்று யோசித்தானோ என்னவோ. பிறகு காரில் ஏறிப் போய்விட்டான்.

 கல்யாணமான நாளிலிருந்து டுல்லியோ மேல் ஒர்சோலாவுக்கிருந்த இளக்காரம் ஒரு இடத்தில் பழகி உட்கார்ந்திருந்தது; இப்போது அந்த இடம் காலியாக இருந்தது. அது அவளுக்குச் சங்கடமாகக்கூட இருந்தது. அம்பு கல்குவாரி வழியைக் காட்டும்படி புல்வெளி வாசலில் அவன் பலகையை நட்டு முடித்ததும் அவள் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கோணலா இருக்கு," என்றாள்.

"இருக்கட்டும்," என்றான் அவன்.

அந்த வாரமே குவாரி வழியில் பெரிய கல்லைப் பொறுக்கி, பாலத்தின் இற்றுப்போன பலகைகளை மாற்றினார்கள். சைக்கிள்காரர்கள் சரளைக் கல்லைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஒரு பெரிய மனுஷன், "இதெல்லாம் ஒரு பாதையா?" என்று கேட்டான்.

"லாரி வேணும்னா அந்தப் பக்கம் போ," என்றாள் ஒர்சோலா. "நல்ல தார் ரோடு. சாப்பாடும் உண்டு."

தோள் எலும்பு உடைந்த பெண்ணின் புருஷன் சைக்கிள்களை எடுக்க வந்தபோது அவனை உட்காரவைத்து இரண்டு தட்டு ஃப்ரிக்கோ போட்டாள். நன்றி சொல்ல வாயெடுத்தவனை, "மொதல்ல தின்னு," என்று அடக்கினாள்.

ஆகஸ்டில் மாகாணத்திலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். கல்குவாரி வழியில் நடந்து, நல்ல யோசனை என்றார்கள். அவர்களுக்கு நடுவில் மஞ்சள் மேலங்கி. "என் குடும்ப நெலம் இது," என்றான் எர்மெஸ். "விபத்துன்னு கேட்டதும் என்னால பொறுக்க முடியல. ஒடனே தொறந்துவிட்டுட்டேன்." பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். வந்தவர்கள் அவன் கையைக் குலுக்கினார்கள். டுல்லியோ மேட்டில் காயப்போட்ட புல்லைப் புரட்டிக்கொண்டிருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. ஒர்சோலா பார்த்தாள். காறித் துப்பக்கூட எச்சிலை வீணாக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் பாறைகளை எடுத்து முடித்து, பழைய பாதையைத் திறந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போலக் குடும்பம் முழுக்க எர்மெஸின் சத்திரத்தில் கூடியது. சூப்பு பரிமாறியதும் எர்மெஸ் மதுக் கோப்பையை உயர்த்திப் பிடித்தான். "இந்த வருஷம் நானும் என் தம்பியும் சேந்து இந்தப் பள்ளத்தாக்குக்கே ஒரு வழி காட்டினோம்."

"இல்ல," என்றான் டுல்லியோ.

 டுல்லியோ ரொட்டியைப் பிய்த்து சூப்பில் நனைத்து, தொடர்ந்து சாப்பிட்டான். எர்மெஸின் கோப்பை எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. ஒர்சோலா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கரண்டி கரண்டியாகக் குடித்தாள். அந்தச் சத்திரத்தில் சூப்பு அவ்வளவு ருசியாக இருந்ததாக அவளுக்கு நினைவே இல்லை. இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.