குறட்டை நின்ற இடைவெளிகள்

தொண்ணூறுகளில் வங்காளத்தின் பெஹாலாவில் நாங்கள் குடியிருந்தபோது, என் கணவரின் குறட்டை மாடி வீடுவரை கேட்கும். வங்கியில் அதிகாரியாக இருந்தவர், பகலில் மேஜையிலேயே கண்ணயர்ந்துவிடுவார். லேக் மார்க்கெட்டுக்குப் போகும் ஆட்டோவிலும் தூங்குவார்.

"ராத்திரி முழுக்கத் தூங்கிட்டு இப்பவுமா?" என்று கடிந்துகொள்வேன்.

"எழுந்தா தூங்கின மாதிரியே இல்ல" என்பார். நான் நம்பியதில்லை.

அவருடைய ரத்த அழுத்தம் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. நாற்பத்தொன்பது வயதில் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையில் டாக்டர் என்னை அக்கா என்று அழைத்து வங்காள மொழியில் கேட்டார்: "தீதி, குறட்டை நடுவில் நிற்குமா?"

"நிற்கும். அப்போதுதான் நான் கொஞ்சம் கண்மூடுவேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அப்போது அவருக்குத் தொண்டை அடைத்து மூச்சு நின்றிருக்கும். மூச்சுக்காக இரவெல்லாம் விழித்து விழித்துத்தான் தூங்கியிருக்கிறார். அதனால்தான் ரத்த அழுத்தமும் அடங்கவில்லை."

பதினெட்டு வருடம் நான் அந்த அமைதிக்காகக் காத்துக்கிடந்தேன். அது வந்ததும் சாமிக்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன்.

மூச்சுக்கு உதவும் முகமூடி இயந்திரம் வாங்கினோம். குறட்டை நின்றது. ஆனால் பேச்சும் வலது கையும் அவருக்குத் திரும்பவில்லை. ஒரு நாள் காலை முகமூடியைக் கழற்றியபடி, "நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டேன். தலையசைத்தார்.

"இத்தனை வருஷம் உங்களைத் திட்டிட்டேனே" என்றேன்.

இடது கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. என்ன சொல்ல நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் குளிர்காலத்தில் இரண்டாவது பக்கவாதம் வந்து அவர் போய்விட்டார்.