வெட்டப்பட்ட இரண்டு நொடிகள்

“பந்து அவன்கிட்டேருந்து எதிரணிக்குப் போற இடத்துலேருந்து போடுங்க, போதும். அதுக்கு முன்னாடி எதுவும் வேண்டாம்.” டெக்சஸில் ஒரு சிறிய கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், 2004-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு ஞாயிறு காலை, என் மேசையில் கையூன்றி ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது. குரலில் கடுமை இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை நான் யோசித்திருப்பேன்.

அதற்கு முன் நான் ஹூஸ்டனில், ஹில்கிராஃப்ட் சாலைக் கடை ஒன்றின் பின்னறையில் கல்யாண வீடியோக்களைத் தொகுத்து வந்தேன். பந்தியில் மூண்ட சண்டை, சித்தப்பாவின் முகச்சுளிப்பு, இவற்றை வீட்டார் நீக்கச் சொல்வார்கள், நீக்குவேன். கல்லூரியின் வீடியோ அறைக்கு வந்த பின்னும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. ஃபுட்பால் எனக்கு யாரும் கற்றுத் தந்ததல்ல. ஒவ்வோர் ஆட்டத்தையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு நானாகக் கற்றது. ஆகவே, எதை வெட்டுகிறேன் என்று தெரியாமல் வெட்டினேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

முந்தைய நாள் வென்றிருந்தால் அணி பிளேஆஃப் என்னும் இறுதிச் சுற்றுகளுக்குள் போயிருக்கும். பந்தை வாங்கி எறியும் குவார்ட்டர்பேக் அன்று நான்கு முறை அதை எதிரணியிடம் பறிகொடுத்தான், தோற்றோம். பார்த்தவர்களுக்கு அவ்வளவே கதை. டேப்பில் இருந்த கதை வேறு. இரண்டு முறை, இடப்பக்கம் அவனைக் காத்து நிற்க வேண்டியவன் எதிராளியைத் தடுக்காமல் விட்டதால், பின்னாலிருந்து வந்த இடியில் பந்து சிதறியது. ஒரு முறை அவன் சரியாக எறிந்தது சக வீரனின் கையில் பட்டுத் தெறித்தது. நான்காவது மட்டுமே அவன் பிழை. இடப்பக்கக் காவலன் பயிற்சியாளரின் தங்கை மகன்.

நன்கொடையாளர்களுக்குத் திங்களன்று காட்ட ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். குவார்ட்டர்பேக்கின் உதவித்தொகையை ஆண்டுதோறும் நீட்டிப்பது பயிற்சியாளர் கையில் இருந்தது. அது நின்றால் அவன் படிப்பும் நிற்கும். எல்லாம் அறிந்தே, இடி விழும் இரண்டு நொடிகளையும் எறிந்த பந்து தெறித்த கணத்தையும் கத்தரித்தேன்.

திங்களன்று திரையில் நான்கு முறை பந்து போயிற்று. “அந்த டீம்லயும் உனக்கு ஸ்காலர்ஷிப் தர்றாங்களா தம்பி?” என்றார் ஒரு நன்கொடையாளர். அறை சிரித்தது. முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்த குவார்ட்டர்பேக், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து என் பக்கம் திரும்பினான்.

“சார், ஒரு ரெண்டு செகண்ட் பின்னாடி போக முடியுமா?”

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். “இந்த டேப்பில் அது இல்லை” என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முழு டேப் அடுத்த அறையில், என் இழுப்பறையில் இருந்தது. வெளியே வரும்போது பயிற்சியாளர் என் தோளைத் தட்டினார். அந்தக் கையைத் தட்டிவிடக்கூட எனக்குத் துப்பில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “கல்யாண வீடியோல சண்டைய கட் பண்ணீங்க, சரி. இங்க மாப்பிள்ளையவே கட் பண்ணிட்டு வந்திருக்கீங்களே.”

அடுத்த மே மாதம் அவன் உதவித்தொகை நின்றது. ஊருக்குக் கிளம்புமுன் அவன் என் அறைக்கு வந்து, அம்மாவிடம் காட்ட அந்த ஆட்டத்தின் முழுப் பிரதி வேண்டும் என்றான். போட்டுக் காட்டினேன். நின்றபடியே பார்த்தான். முதல் இடி விழுந்த இடத்தில் தானே நிறுத்தினான்.

“சார், இது அன்னைக்கே உங்ககிட்ட இருந்துச்சா?”

“இருந்தது.”

பிரதி எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் கேட்டான். இருபது நிமிடம் என்றேன். அந்த இருபது நிமிடமும் எனக்கு முதுகைக் காட்டி, வாசலில் நின்றான்.