தண்ணிக்கு அங்கிட்டு

எங்கள் ஊரில் ஒரு மலையும் ஒரு கண்மாயும் உண்டு. கல்யாணத்தின்போது அப்படிச் சொன்னதை நம்பி, கொடைக்கானல்காரரான என் மனைவியின் அண்ணன் பையில் ஸ்வெட்டரோடு வந்து இறங்கினார். ஊரைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனேன்.

“மலை எங்க மாப்ள?”

“நீங்க நிக்கிறதுதான் மச்சான்.”

காலடியில் கிடந்த பாறையைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பாறையை உடைத்துத்தான் கண்மாய்க்கு மடை கட்டினார்கள். கண்மாயில் தோண்டிய மண்ணில்தான் கரை எழுந்தது, கரையோரம் ஊர் எழுந்தது. எங்கள் சரித்திரமே அவ்வளவுதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

கண்மாய் வெடித்துக் கிடந்தது. அதற்குள் ஆடுகளை ஓட்டிவந்த பக்கத்து வீட்டுக்காரர், கணுக்கால் வரை புழுதியோடு, “தண்ணிக்கு அங்கிட்டு போறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார். அக்கரைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மழை பொய்த்தாலும் பெயர் மாறாது. மச்சான் மறுபடியும் சிரித்தார்.

அதன்பின் அவர் பலமுறை வந்துபோய்விட்டார். போன கோடையில் அக்கரை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் எனக்குப் போன் செய்தார்.

“மாப்ள, தண்ணிக்கு அங்கிட்டு நிக்கிறேன். பைக்க எடுத்துட்டு வாங்க.”

கண்மாய்க்குக் குறுக்கே வண்டியை விட்டேன். புழுதி எங்கள் மலை உயரத்துக்கு எழும்பியது.