வெள்ளைத் திட்டுக்காரி

செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை அம்மாவுக்கு. யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன ஆங்கிலப் படக்கதைப் புத்தகம் ஒன்றை முதலாளியம்மாவிடம் கேட்டு எனக்காக வாங்கிவந்தாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. வாசிக்க வரவில்லை, படமே போதுமாக இருந்தது. அதில் வரும் சூப்பர் ஹீரோ ஒரு பெண். அவள் கைகளிலும் கழுத்திலும் திட்டுத்திட்டாக வெள்ளை. கோபம் வந்தால் அந்தத் திட்டுகள் பளீரென்று எரியும். எதிரே நிற்பவன் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடுவான்.

எனக்கும் முழங்கையிலிருந்து விரல்வரை அப்படித்தான் இருந்தது. சொந்தக்காரர்கள் மூலிகை சொன்னார்கள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றச் சொன்னார்கள். சுற்றினேன். மலை தன்பாட்டுக்கு இருந்தது, திட்டும் தன்பாட்டுக்கு இருந்தது.

அந்த வைகாசியில், அடி அண்ணாமலையில் பெரியப்பா வீட்டில் அவர் மகளை, எங்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா கூடத்தில் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பெரியம்மா அம்மாவிடம், "நீயும் உன் பொண்ணும் பின்னாடி ரூம்லயே இருந்துடுங்க. அவங்க பாத்துட்டா குடும்பத்துல வியாதின்னு சொல்லிடுவாங்க" என்றாள். அம்மா தலையாட்டினாள். என் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

அறைக்குள் கேசரி வாசனை வந்தது. நான் கையோடு கொண்டுவந்திருந்த படக்கதைப் புத்தகத்தைப் புரட்டினேன். எத்தனை முறை புரட்டினாலும் அந்த வெள்ளைத் திட்டுக்காரி ஒரு பக்கத்தில்கூடக் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. சட்டைக் கைகளைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, கதவைத் திறந்து நேராகக் கூடத்துக்குப் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா, "யாரு இந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

"நான் அக்காவோட சித்தப்பா பொண்ணு. இது ஒட்டிக்காது. டாக்டரே சொல்லிட்டாரு" என்றேன். சுருட்டிய சட்டைக் கையை இறக்கவில்லை.

அந்த அம்மாள் கேசரித் தட்டைப் பார்த்தார், மாப்பிள்ளை செல்போனைப் பார்த்தார். சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. பெரியம்மா ரொம்ப நாள் எங்களோடு பேசவில்லை. அக்கா அடுத்த தையில் வேறு இடத்தில் கல்யாணமாகி நன்றாகவே இருக்கிறாள்.

அன்று எனக்குப் பின்னாலேயே அம்மாவும் எழுந்து வந்துவிட்டாள். இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறாள் என்று காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். அவள் கை என் தோளில் விழுந்தது. இழுக்கவில்லை. அவர்கள் எழுந்து போகும்வரை அப்படியே நின்றாள். இப்படியொரு பெண்ணைப் பெற்றவள் என்று, என் கையில் திட்டு தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் எந்த விசேஷத்திலும் அவளையும் கூடத்தில் நிற்க விட்டதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் ஒருத்திதான் வெளியே வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.