கொள்ளுக் குவியலில் நின்ற என் பிக்கப்

மிதித்தால் பிரேக் கட்டை வண்டித் தரையைத் தொடும் அளவுக்கு இறங்க ஆரம்பித்தபோது, என் வலது காலுக்கு வலு கூடிவிட்டது என்றுதான் நம்பினேன். சிரிக்காதீர்கள். நாற்பத்தாறு வயதில் ஒருவனுக்குப் புதிதாகப் பலம் வந்தால் அவன் ஏன் காரணம் கேட்கப்போகிறான்? என் மனைவி நாச்சம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன். "அந்தக் காலை வச்சு ரெண்டு குடம் தண்ணி எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அடியார்களே, இது அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய பிக்கப் ஒன்று என்னிடம் இருந்தது. அகரத்திலிருந்து வாரம் நாலு நடை, திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு உப்புப் போட்ட தோல் ஏற்றிப் போவேன். உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக வண்டியின் அடியில் சொட்டிக்கொண்டே இருக்கும். துருப் பிடிக்கும். அதற்கு நான் கண்ட வைத்தியம் ஒன்றுதான். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அடியில் படுத்து, துருவின் மேலேயே கறுப்புப் பெயிண்டை வழித்துவிட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவேன். பிரேக் பைப்புக்கும் அதே மரியாதை. ஆறு வருஷம், ஆறு பூச்சு. பைப்பு பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

தை மாதம், ஒரு சனிக்கிழமை. நாச்சம்மாளையும் கூட்டிக்கொண்டு காலையில் லோடு இறக்கப் போனேன். வழியில், ஓடைப் பாலத்தைத் தாண்டியதும், ஒரு குடும்பம் கொள்ளுச் செடியை ரோடு நிறையப் பரப்பியிருந்தது. போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று எங்கள் பக்கத்தில் செய்வதுதான். எனக்கு அது பிடிக்காது. சக்கரம் இழுபடும். தலையை வெளியே நீட்டி, "ரோடு என்ன ஒங்க அப்பன் வீட்டுக் களமா?" என்று கேட்டுவிட்டுப் போனேன்.

திரும்பும்போது தாடிக்கொம்புப் பெருமாளைக் கும்பிட்டுப் போவதாக ஏற்பாடு. நாச்சம்மாள் மடியில் பித்தளைத் தட்டு, தேங்காய், துளசி. ஓடைச் சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். கட்டை தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. எழுந்திருக்கவே இல்லை. கை பிரேக்கை இழுத்தேன். துருப்பிடித்த கம்பி அறுந்து, பிடி கையோடு வந்தது. கியரைக் குறைத்திருக்கலாம். அந்த யோசனை எனக்கு மறுநாள் காலையில் வந்தது.

கீழே அதே குடும்பம். நாலு பெண்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அப்பால் பாலத்தை அடைத்துக்கொண்டு ரெண்டு மாட்டுவண்டிகள். ரோட்டோரப் புளிய மரத்தில் சேலையில் கட்டிய தூளி ஒன்று தொங்கியது. அதில் பிள்ளைக் கனம் தெரிந்தது.

ஆபத்தில் பெரியவர்கள் அழகாகப் பிரார்த்திப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் கத்தியது இதுதான்: "பெருமாளே, நிறுத்தய்யா. மொட்டை போடுறேன்."

"மொட்டை போட முடி எங்க இருக்கு? ஹாரனை அடிங்க" என்றாள் நாச்சம்மாள்.

என் தலை அப்போதே வழுக்கை. ஹாரனும் துருவில் ஊமையாகி மாதக்கணக்காகியிருந்தது. அவளே வெளியே கையை நீட்டி, பூஜைத் தட்டால் கதவுத் தகரத்தில் படபடவென்று அடித்தாள். பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிதறினார்கள். நான் மொட்டையை மறந்துவிட்டு, "அந்தப் பிள்ளை, பெருமாளே, அந்தப் பிள்ளை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வண்டி கொள்ளுச் செடியில் ஏறியது. காலையில் நான் வைத அதே செடி, சக்கரத்தைச் சுற்றிப் பிடித்து இழுத்தது. வேகம் பாதியாகக் குறைந்தது. மணி உதிர்ந்த செடியை ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். அதற்குப் பின்னால்தான் புளிய மரம். வேறு வழியில்லை. குவியலைப் பார்த்துத் திருப்பினேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். இதை மறைப்பது பாவம்.

நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தேங்காய்கூட உடையவில்லை. எனக்குப் பத்துத் தும்மல். கால் நடுக்கம் நிற்கவில்லை. புதிதாக வலு கூடிய கால்தான். அந்தக் குடும்பத்துப் பெரியம்மா ஒரு செம்பு மோரைக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எங்கப்பன் வீட்டுக் களந்தான், அப்பு. செத்த நேரம் உக்காந்துட்டுப் போ."

மறுநாள் பட்டறை காதர் பாய் வந்து அடியில் படுத்துப் பார்த்தார். வெளியே வரவே நேரமாயிற்று, உள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இதுல பைப்பே இல்ல. ஒங்க பெயிண்டுதான் இம்புட்டு நாளா பிரேக் எண்ணெயைப் பிடிச்சு வச்சிருக்கு."

வேண்டுதலை விடவில்லை. தலையில் ஒன்றும் இல்லாததால், இருபது வருஷம் முறுக்கி வளர்த்த மீசையைப் பெருமாளுக்குக் கொடுத்தேன். நாச்சம்மாள் பக்கத்தில் நின்று, ரெண்டு பக்கமும் சரியாக எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு, வண்டி ஓட்டிய வரைக்கும், தோல் இறக்கியதும் நல்ல தண்ணீர் விட்டு அடிப்பாகம் முழுவதும் கழுவினேன். சனிக்கிழமைதோறும் பைப்பைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் கோவிலுக்குக் கிளம்பினேன். ரோட்டில் செடி கிடந்தால் இறங்கி ஒரு கும்பிடு.

ஆபத்து வந்தால் கூப்பிடுங்கள். வார்த்தை அழகாக வராவிட்டாலும் பயப்படாதீர்கள். என் உளறலே அவன் காதில் விழுந்திருக்கிறது, உங்களுடையது விழாதா?

அன்று நடந்தது இவ்வளவுதான். வண்டியின் மூக்கு குவியலைத் துளைத்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து நின்றது. தூளிக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.